குழந்தைக்குக் காய்ச்சலோடு ஃபிட்ஸ் வந்தது: அடுத்த காய்ச்சலுக்கு எப்படித் தயாராவது?

வெயில்நிலா (இழையைத் தொடங்கியவர்)

என் மகனுக்கு ஒன்றே கால் வயது. போன வாரம் காய்ச்சலோடு ஃபிட்ஸ் வந்தது. காதில் தொற்று, அதனால் காய்ச்சல், காய்ச்சலால் வலிப்பு என்று சொல்லி, சில மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்கேன் எடுக்கவில்லை, இ.இ.ஜி. (மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் டெஸ்ட்) எடுக்கவில்லை, வலிப்புக்கு என்று மருந்தும் தரவில்லை. "சாதாரணக் காய்ச்சல் வலிப்புதான், பயப்படாதீர்கள்" என்பதோடு சரி.

அவன் மறுநாளே வழக்கம்போல் ஆகிவிட்டான். எனக்குத்தான் தெர்மாமீட்டரைக் கீழே வைக்க முடியவில்லை. இரவில் எழுந்து எழுந்து நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன். மறுபடியும் வருமா? மூளைக்கு ஏதாவது ஆகியிருக்குமா? லேசாகச் சூடு தெரிந்ததுமே பாராசிட்டமால் கொடுத்துவிட்டால் தடுத்துவிடலாமா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.

இரட்டைவால்

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குமே வந்திருக்கிறது. பெரியவளுக்குப் பல தடவை, சின்னவனுக்கு ஒரே தடவை. இருவருமே இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள், வாயாடுகிறார்கள், வலிப்பு இல்லை.

கண் மேலே செருகி, உடம்பு விறைத்து, கை கால் வெட்டி இழுக்கும்போது உதடு நீலமாகிவிடும். அந்த நேரத்தில் குழந்தை கைவிட்டுப் போய்விட்டது என்றுதான் எந்தத் தாய்க்கும் தோன்றும். டாக்டர் "பயப்படாதீர்கள்" என்று சொன்னால் போதாது என்பது எனக்குத் தெரியும். பயம் போக நாளாகும், அதை நினைத்து உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள்.

சிறார்மருத்துவன்

வெயில்நிலா, உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகச் சொல்கிறேன். நான் குழந்தைகள் நல மருத்துவன்.

காய்ச்சல் வலிப்பு 6 மாதம் முதல் 5 வயது வரை வரும். அதிகம் வருவது 12 முதல் 18 மாதத்தில், உங்கள் மகன் சரியாக அந்த வயதில் இருக்கிறான். 100 குழந்தைகளில் 2 முதல் 5 பேருக்கு ஒரு முறையாவது வருகிறது, ஆக அரிய நோயெல்லாம் இல்லை. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை சூட்டுக்குச் சுலபமாக எதிர்வினை காட்டுகிறது. அதோடு பரம்பரையும் சேர்ந்துகொள்கிறது. வலிப்பைத் தூண்டும் காய்ச்சல் பெரும்பாலும் சாதாரண வைரஸ் காய்ச்சலாகவே இருக்கும்: ஃப்ளூ, சளி, மூன்று நாள் கடும் காய்ச்சலுக்குப் பிறகு உடம்பெல்லாம் தடிப்பு வரும் ரோசியோலா. காதுத் தொற்றும் இந்த வரிசையில் உண்டு.

நாங்கள் முதலில் பார்ப்பது, இது எளிய வகையா, சிக்கலான வகையா என்பதை. உடம்பு முழுக்க இழுத்து, 15 நிமிடத்துக்குள் நின்று, 24 மணி நேரத்துக்குள் திரும்ப வராவிட்டால் அது எளிய வகை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலோ, 15 நிமிடத்தைத் தாண்டினாலோ, அதே நாளில் மறுபடி வந்தாலோ சிக்கலான வகை. எளிய வகையாக இருந்து, குழந்தை தெளிந்து, காய்ச்சலுக்குக் காரணமும் தெரிந்துவிட்டால் இ.இ.ஜி.யும் மூளை ஸ்கேனும் வேண்டியதில்லை என்பதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இ.இ.ஜி.யில் ஏதாவது கோளாறு தெரிந்தாலும், பின்னால் வலிப்பு நோய் வருமா என்பதை அது சொல்லிவிடாது. வீண் பயமும் வீண் மருந்தும்தான் மிஞ்சும்.

நாங்கள் உண்மையில் பயப்படுவது மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கு, அதாவது மூளையைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் தொற்றுக்கு (மெனிஞ்சைட்டிஸ்). கழுத்து விறைப்பு, உச்சிக்குழி புடைப்பு, தெளியாத மயக்கம், அழுத்தினாலும் மறையாத தடிப்பு இருந்தால் முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்க்காமல் விடமாட்டோம். 6 முதல் 12 மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி சரியாகப் போடாமல் இருந்தாலோ, ஏற்கெனவே ஆன்டிபயாடிக் கொடுத்து அறிகுறி மழுங்கியிருக்க வாய்ப்பிருந்தாலோ இன்னும் கவனம். டெஸ்ட் எடுக்காமல் அனுப்பினார்கள் என்பது அலட்சியமாகத் தெரியும். ஆனால் உங்கள் மகனைச் சில மணி நேரம் வைத்துப் பார்த்தார்களே, அதுதான் முக்கியமான டெஸ்ட்.

கேள்விக்குறி

"சாதாரணம்", "தீங்கில்லாதது" என்று சொல்லிச் சொல்லியே அனுப்பிவிடுகிறார்கள். மூச்சு நின்று நீலமாகிற குழந்தையைப் பார்த்து எப்படித் தீங்கில்லை என்கிறீர்கள், டாக்டர்? அந்த நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை என்றால் பின்னால் படிப்பில் தெரியாதா? யார் இதைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள்?

கணக்குப்பிள்ளை

பார்த்திருக்கிறார்கள். 1970களில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், காய்ச்சல் வலிப்பு வந்த 1,700க்கு மேற்பட்ட குழந்தைகளை 7 வயது வரை தொடர்ந்தார்கள். அறிவுத்திறனைக் கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் இல்லை. கூடப்பிறந்தவர்களோடு ஒப்பிட்டதுதான் இதில் கெட்டிக்காரத்தனம், ஒரே வீடு, ஒரே பெற்றோர். பிரிட்டனில் 1970 ஏப்ரலில் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்விலும், 10 வயதில் படிப்பு, நடத்தை இரண்டிலும் மற்றப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

பின்னாளில் வலிப்பு நோய் வருமா என்றால், அந்த அமெரிக்கக் கணக்கில் 7 வயதுக்குள் 100க்கு 2 பேருக்கு வந்தது. காய்ச்சல் வலிப்பே வராத குழந்தைகளில் 200க்கு 1. கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் 100ல் 98 பேருக்கு வரவில்லை. சிக்கலான வகை, வீட்டில் வலிப்பு நோய், முன்பிருந்தே வளர்ச்சிக் குறைபாடு இவையெல்லாம் சேரச் சேர அந்த 2 ஏறும்.

மறுபடி காய்ச்சல் வலிப்பு வருவது தனிக் கணக்கு, அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏறக்குறைய 3ல் 1 குழந்தைக்குத் திரும்ப வருகிறது. முதல் வலிப்பு ஒரு வயதுக்குள் வந்திருந்தால் பாதிப் பேருக்கு. திரும்ப வருவதில் முக்கால்வாசி முதல் ஒரு வருடத்துக்குள் வந்துவிடும். சின்ன வயது, அப்பா அம்மா அல்லது கூடப்பிறந்தவருக்கு வந்திருப்பது, காய்ச்சல் அதிகமில்லாதபோதே வலிப்பு வந்தது, காய்ச்சல் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் வந்தது ஆகிய நான்கும் திரும்ப வரும் வாய்ப்பைக் கூட்டும். வெயில்நிலா, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் வந்திருக்கிறதா என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் இது பிறகுதான் தெரியவரும்.

வெயில்நிலா

கேட்டேன். என் கணவருக்கு இரண்டு வயதில் வந்திருக்கிறதாம்! மாமியார் இவ்வளவு நாள் சொல்லவே இல்லை.

பழையகாலத்துஅப்பா

நான் என் மகளுக்குச் செய்ததைச் சொல்கிறேன். காய்ச்சல் ஆரம்பித்தால் அலாரம் வைத்து நேரத்துக்கு நேரம் பாராசிட்டமால், தூங்கினாலும் எழுப்பிக் கொடுத்தோம். நெற்றியிலும் அக்குளிலும் ஈரத்துணி. முதல் தடவைக்குப் பிறகு அவளுக்கு வரவே இல்லை. ஆராய்ச்சி என்ன சொன்னாலும் கண்ணால் பார்த்தது அதுதான்.

கணக்குப்பிள்ளை

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எதுவுமே செய்யாவிட்டாலும் 3ல் 2 குழந்தைக்குத் திரும்ப வருவதில்லை. உங்கள் மகள் அந்த இரண்டில் ஒருத்தியாக இருந்திருக்கலாம்.

ஃபின்லாந்தில் 231 குழந்தைகளை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வந்தது. டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால், இபுபுரூஃபன் எல்லாம் அதிகபட்ச அளவில் கொடுத்தும், வெற்று மருந்து (ஒப்பிடுவதற்காகக் கொடுக்கும் போலி மருந்து) வாங்கிய குழந்தைகளுக்கு வந்த அதே அளவுக்கு வலிப்பு திரும்ப வந்தது. அதிலும் ஒரு விஷயம்: வலிப்பு வந்த காய்ச்சல்களில் அந்த மருந்துகள் சூட்டையே சரியாக இறக்கவில்லை.

பழையகாலத்துஅப்பா

அப்படியென்றால் காய்ச்சலுக்கு மருந்தே கொடுக்காமல் குழந்தையைப் போட்டுவைக்கச் சொல்கிறீர்களா?

சிறார்மருத்துவன்

இல்லை ஐயா. குழந்தை சோர்ந்து, வலியில் அழுதால் கொடுக்கத்தான் வேண்டும். அது குழந்தையின் சுகத்துக்காக. வலிப்பைத் தடுக்கிறோம் என்று நினைத்துத் தூங்குகிற பிள்ளையை எழுப்பி ஊற்ற வேண்டாம், எடைக்குரிய அளவைத் தாண்டவும் வேண்டாம். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரல் கெடும். ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கூடவே கூடாது.

ஆனால் உங்கள் பக்கத்துக்கும் ஒரு சான்று உண்டு, அதை மறைப்பது சரியில்லை. ஜப்பானில் 2018இல் வந்த ஆய்வில், ஒரு வலிப்பு வந்த பிறகு அதே காய்ச்சலில் பாராசிட்டமாலை ஆசனவாய் வழியாக 6 மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு நாள் வரை கொடுத்தார்கள். அதே காய்ச்சலில் இரண்டாம் வலிப்பு வந்தது, மருந்து பெற்றவர்களில் 9 சதவீதம், பெறாதவர்களில் 23 சதவீதம். ஆக, அன்றைய இரண்டாவது வலிப்புக்கு ஒருவேளை உதவும். அடுத்த மாதம் வரும் காய்ச்சலின் வலிப்பைத் தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை.

ஈரத்துணியில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. குழந்தைக்கு இதமாக இருந்தால் வெதுவெதுப்பான நீரில் துடைக்கலாம். குளிர்ந்த நீரில் முக்கினால் நடுக்கம் எடுத்து உள்சூடு ஏறும். ஸ்பிரிட் தேய்ப்பது ஆபத்து, தோல் வழியாகவே உள்ளே போய்விடும்.

இரவுப்பணி

நான் அவசரப் பிரிவு நர்ஸ். நீங்கள் எல்லாரும் தெர்மாமீட்டரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏறக்குறைய 5ல் 1 குழந்தைக்குக் காய்ச்சல் தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே வலிப்பு வந்துவிடுகிறது. காய்ச்சல் இருப்பதே பல பெற்றோருக்கு வலிப்புக்குப் பிறகுதான் தெரிகிறது. ராத்திரி முழுக்க நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தடுக்கிற விஷயம் இல்லை இது. வெயில்நிலா, தூங்குங்கள். அந்தச் சில நிமிடங்களில் என்ன செய்வது என்று மட்டும் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும்.

குழந்தையைத் தரையிலோ அகலமான கட்டிலிலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சிலும் வாந்தியும் வெளியே வடியட்டும். கழுத்தில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்துங்கள். அடுத்து மணி பாருங்கள். இது மிக மிக முக்கியம். பயத்தில் ஒரு நிமிடம் கால் மணி நேரமாகத் தெரியும். எங்களிடம் வரும் பெற்றோர் "அரை மணி நேரம் இழுத்தது" என்பார்கள், கூட இருந்தவர் போனில் எடுத்த வீடியோவைப் பார்த்தால் இரண்டு நிமிடம்தான் இருக்கும். கூட ஒருவர் இருந்தால் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், டாக்டருக்கு அது பெரிய உதவி. இரண்டு பக்கமும் இழுத்ததா, தலையும் கண்ணும் ஒரு பக்கம் திரும்பியதா என்று அதில் தெரிந்துவிடும்.

வாயில் எதையும் வைக்காதீர்கள். கரண்டி, துணி, உங்கள் விரல், எதுவும் வேண்டாம். நாக்கை விழுங்கிவிடும் என்பது பொய். பல் உடைவதும் விரல் கடிபடுவதும்தான் நடக்கும். கை காலைப் பிடித்து அமுக்காதீர்கள். தண்ணீர், சிரப் எதுவும் ஊற்றாதீர்கள், நன்றாக விழித்த பிறகுதான்.

5 நிமிடத்தில் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸ். வலிப்பு நின்றும் மூச்சு சரியில்லை, நிறம் திரும்பவில்லை, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வருகிறது என்றால் 5 நிமிடம் கூடக் காத்திருக்க வேண்டாம். அப்புறம் ஒன்று, இழுத்துக்கொண்டிருக்கும் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டி வராதீர்கள். நின்ற பிறகு அரை மணி, ஒரு மணி தூங்கி வழிவது இயல்பு. ஒரு மணி நேரத்துக்கு மேலும் தெளியவில்லை என்றால் இயல்பில்லை. முதல் தடவை வந்தது என்றால் ஒரு நிமிடத்தில் நின்றாலும் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கேள்விக்குறி

இதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டலாம். நன்றி சிஸ்டர்.

நதிக்கரை

இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எல்லாரும் சரியாகத்தான் சொல்கிறீர்கள், ஆனால் எங்கள் கதை வேறு.

என் மகளுக்கு முதல் வலிப்பு ஆறு மாதத்தில் வந்தது. காய்ச்சல் கொஞ்சம்தான். இடது பக்கம் மட்டும் இழுத்தது, நிற்கவே இல்லை, மருந்து ஏற்றித்தான் நிறுத்தினார்கள். "காய்ச்சல் வலிப்பு, சரியாகிவிடும்." அடுத்தது வலது பக்கம், அதுவும் நீளம். வெந்நீரில் குளிப்பாட்டிய பிறகு ஒன்று. ஒவ்வொரு முறையும் அதே பதில். பிறகு ஒரு நரம்பியல் மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு எழுதினார். ட்ராவே நோய்க்குறி என்ற கடுமையான வலிப்பு நோய். 1978இல் சார்லட் ட்ராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் விவரித்தது, பெரும்பாலும் எஸ்.சி.என்.1.ஏ. என்ற மரபணுவில் வரும் மாற்றம்.

இது அரிது, 15,000 - 20,000 பிறப்பில் ஒன்று போல. வெயில்நிலாவின் மகனுக்கு இது இருக்கும் என்று சொல்லவே இல்லை. ஆனால் பெயர் தெரிந்ததால் எங்களுக்கு மருந்து மாறியது. கார்பமாசெபைன், லாமோட்ரிஜின் போன்ற சில வழக்கமான வலிப்பு மருந்துகள் இந்த நோயில் வலிப்பைக் கூட்டிவிடும். அதனால்தான் "எல்லாம் சரியாகிவிடும்" என்பதை எல்லாக் குழந்தைக்கும் ஒரே மாதிரி சொல்லாதீர்கள் என்கிறேன்.

இரட்டைவால்

நதிக்கரை அக்கா, எழுதியதற்கு நன்றி. பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள்?

நதிக்கரை

வலிப்பு குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. பேச்சு தாமதம். நன்றாகச் சிரிப்பாள்.

சிறார்மருத்துவன்

நதிக்கரை சொன்னது சரி. ஒரு வயதுக்குள் தொடங்கி, நீண்டு, ஒரு முறை ஒரு பக்கம் மறுமுறை மறுபக்கம் என்று மாறி, லேசான சூட்டுக்கோ வெந்நீர்க் குளியலுக்கோ கூட வருகிறது என்றால் குழந்தை நரம்பியல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், அவர்களாக எழுதித் தரும் வரை காத்திருக்காதீர்கள். காய்ச்சல் இல்லாமல் வலிப்பு வந்தாலும், 6 மாதத்துக்கு முன்போ 5 வயதுக்குப் பிறகோ முதல் முறையாக வந்தாலும், பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தாலும் அப்படியே.

மேகவண்ணன்

வலிப்பே வராமல் தினமும் ஒரு மருந்து கொடுத்துவிட்டால் என்ன? என் தம்பிக்குச் சின்ன வயதில் வருடக்கணக்கில் கொடுத்தார்கள்.

சிறார்மருத்துவன்

ஃபெனோபார்பிட்டோனாக இருந்திருக்கும். ஒரு காலத்தில் தாராளமாகக் கொடுத்தார்கள். 1990இல் வந்த அமெரிக்க ஆய்வில், இரண்டு வருடம் அதைப் பெற்ற குழந்தைகளின் அறிவுத்திறன் மதிப்பெண், வெற்று மருந்து பெற்றவர்களைவிடச் சராசரியாக 8 புள்ளி குறைவாக இருந்தது. வலிப்பும் குறையவில்லை. தீங்கு செய்யாத வலிப்பைத் தடுக்கத் தீங்கு செய்யும் மருந்து, எனக்கு இது மருத்துவ வரலாற்றில் பெரிய சங்கடம். வால்புரோயேட் என்ற இன்னொரு மருந்து வலிப்பைக் குறைக்கும், ஆனால் 2 வயதுக்குக் கீழே ஈரலுக்கு ஆபத்து.

காய்ச்சல் நாட்களில் மட்டும் டயசிபாமோ குளோபசாமோ (இரண்டும் வலிப்பை அடக்கும் மருந்துகள்) கொடுக்கும் வழக்கமும் உண்டு. அடிக்கடி வரும் குழந்தைக்குச் சில மருத்துவர்கள் எழுதுவார்கள். குழந்தை தள்ளாடும், தூங்கி வழியும். அது மருந்தின் மயக்கமா மூளைச்சவ்வுக் காய்ச்சலா என்று பிரித்தறிவது எங்களுக்கே கஷ்டம். அதோடு காய்ச்சல் தெரிவதற்கு முன்பே வலிப்பு வந்தால் அது எதற்கு உதவும்? அதனால் எளிய வகைக்கு நான் எழுதுவதில்லை.

முல்லைப்பூ

எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா) தடுப்பூசி போட வேண்டிய நேரம் நெருங்குகிறது, என் பெண்ணுக்கு ஏற்கெனவே ஒரு தடவை ஃபிட்ஸ் வந்திருக்கிறது. போடலாமா?

இரவுப்பணி

போடுங்கள். 3,000 - 4,000 ஊசியில் ஒன்று போலத்தான் காய்ச்சல் வலிப்பு வரும், அதுவும் ஊசி போட்ட ஒன்றரை வாரம் வாக்கில். அந்த நாட்களில் கவனமாக இருங்கள். ஊசி போடாமல் தட்டம்மை வந்தால் அந்தக் காய்ச்சலிலும் வலிப்பு வரும், மூளைக்காய்ச்சலும் வரலாம். முன்பு வலிப்பு வந்ததை ஊசி போடுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

முல்லைப்பூ

இன்னொரு சந்தேகம். காய்ச்சல் ஏறும்போது உடம்பு வெடவெடவென்று நடுங்குகிறதே, அதை வலிப்பு என்று நினைத்து ஒரு முறை ஓடினோம்.

இரவுப்பணி

குளிர் நடுக்கத்தில் குழந்தை உங்களைப் பார்க்கும், அழும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பும். வலிப்பில் நினைவே இருக்காது, கை காலின் வெட்டு நீங்கள் பிடித்தாலும் நிற்காது. சந்தேகமாக இருந்தால் ஓடுவதில் தப்பில்லை, நாங்கள் திட்ட மாட்டோம்.

வெயில்நிலா

இன்று டாக்டரை மறுபடி பார்த்தோம். கணவருக்கு வந்திருப்பதைச் சொன்னதும், 5 நிமிடத்தைத் தாண்டினால் மூக்கில் அடிக்கும், வலிப்பை நிறுத்தும் மிடாசோலம் ஸ்பிரே எழுதிக் கொடுத்திருக்கிறார். குழந்தைகள் காப்பகத்திலும் ஒன்று கொடுத்துவைக்கலாமா?

சிறார்மருத்துவன்

தாராளமாக. யார் அடிப்பது, எத்தனை முறை, அடித்த பிறகு மூச்சைக் கவனித்துக்கொண்டே ஆம்புலன்ஸைக் கூப்பிடுவது ஆகியவற்றை டாக்டரின் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கிக் கூடவே வையுங்கள். அவர் சொல்லாமல் இரண்டாவது முறை அடிக்கக் கூடாது, மூச்சு மந்தமாகும். அளவு குழந்தையின் எடையைப் பொறுத்தது, அதனால் எடை கூடும்போது சீட்டையும் மாற்றி எழுதி வாங்க வேண்டும். காலாவதித் தேதியையும் பாருங்கள். மருந்து வருடக்கணக்கில் தொடப்படாமலே இருந்துவிட வாய்ப்பு அதிகம்.